பணம் வராத ஒன்பது ரேப்பர்கள்

கேள்வி: மதுரையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஆறு வருடம் டிசைனராக இருந்தேன். இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே சிறு பதிப்பகங்களுக்குப் புத்தக அட்டை செய்கிறேன். நான்கு பதிப்பகங்கள் தொடர்ந்து வேலை தருகின்றன. ஓர் அட்டைக்கு 2,000 ரூபாய். போன டிசம்பரில் மட்டும் 23 அட்டை முடித்தேன். அதில் ஒன்பதுக்கு இன்னும் பணம் வரவில்லை. ஏழெட்டுத் தடவை மாற்றச் சொல்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கட்டும்" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. விலையை ஏற்றினால் வேறு ஆளிடம் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. மறுபடியும் வேலைக்கே போய்விடலாமா? பின்குறிப்பாக ஒன்று: புத்தகத்தில் என் பெயரைப் போடச் சொல்லிக் கேட்கலாமா?

— ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வேலைக்குத் திரும்புவதா என்ற கேள்வியை ஒரு வருடம் தள்ளி வையுங்கள். ஒரே மாதத்தில் 23 அட்டை உங்களை நம்பித் தந்திருக்கிறார்கள் என்றால் உங்கள் கைவேலையில் குறையில்லை. வேலை உங்களிடம் வந்து சேரும் விதத்திலும், உங்கள் கையை விட்டுப் போகும் விதத்திலும்தான் குறை இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் நாலைந்து வருடம் நானும் தலைப்பை மட்டும் போனில் கேட்டுக்கொண்டு, ஒரு படத்தைப் போட்டு அனுப்பி, "ஓகே" வந்ததும் ஃபைலைக் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். அந்த வருடங்களில் எனக்கும் பணம் நின்றது, திருத்தமும் ஓயவில்லை. உங்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றுதான்: கையெழுத்துப் பிரதியில் தொடங்குங்கள், அச்சகத்தில் போய் முடியுங்கள். விலை, திருத்தம், பாக்கி மூன்றுக்கும் வழி அதற்குள் இருக்கிறது.

முதலில் பதிப்பாளர் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். அது தெரியாமல் விலை பேசக்கூடாது. டெமி என்ற வழக்கமான புத்தக அளவில் 160 பக்கம், விலை 200 ரூபாய், முதலில் 300 பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு 35 சதவீதம் கழிவு போனால் 130 ரூபாய் வரும். பிஓடியில், அதாவது தேவைக்கேற்பச் சில பிரதிகள் மட்டும் அடிக்கும் முறையில், அச்சுக்கு ஒரு பிரதிக்கு 75 ரூபாய் என்று வையுங்கள். எழுத்தாளருக்குப் பத்து சதவீதம் என்றால் 20 ரூபாய். மிச்சம் 35. முந்நூறும் விற்றுத் தீர்ந்தால் 10,500 ரூபாய். லே-அவுட், மெய்ப்பு, கூரியர், கண்காட்சி ஸ்டால் வாடகை, அப்புறம் உங்கள் 2,000 எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். இது உத்தேசக் கணக்கு, புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். ஆனால் சிறு பதிப்பகங்களின் நிலைமை பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

முன்பு ஒரு பதிப்பு என்றால் 1,200 பிரதி அடிப்பார்கள். 2,000 ரூபாய் ரேப்பர் (அட்டை) செலவைப் பிரதிக்குப் பங்கிட்டால் இரண்டு ரூபாய்கூட வராது. இன்று 300 பிரதிக்கு அதே தொகை ஏறக்குறைய ஏழு ரூபாய். நீங்கள் திடீரென்று 5,000 என்று சொன்னால் பிரதிக்கு 17 ரூபாய் ஆகிறது. அவருக்கு மிஞ்சும் 35இல் பாதி. அவர் தயங்குவது கஞ்சத்தனத்தால் அல்ல. அதனால் விலையைப் பிரதி எண்ணிக்கையோடு கட்டிவிடுங்கள். நான் செய்வது இப்படி: தொடக்கத்தில் ஒரு தொகை, மொத்த அச்சு 1,000 தாண்டினால் இன்னொரு தொகை. உங்கள் நிலையில் 3,500 ரூபாயில் தொடங்கி, ஆயிரம் தாண்டும்போது இன்னும் 1,500 கேட்கலாம். புத்தகம் ஓடினால் அவரும் சந்தோஷமாகத் தருவார், ஓடாவிட்டால் அவர் தலையில் பாரம் ஏறாது. இப்படிப் பேசிய பிறகு ஒரு பதிப்பாளரும் என்னை விட்டு விலைக்காகப் போனதில்லை.

ஆனால் 2,000 வாங்கிய இடத்தில் 3,500 கேட்க வேண்டுமானால், முன்பு கொடுக்காத ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் கையெழுத்துப் பிரதி.

"பளிச்சுன்னு இருக்கட்டும்" என்று ஒருவர் சொல்கிறார் என்றால், மனதில் இருப்பதைச் சொல்ல அவரிடம் வார்த்தை இல்லை என்று பொருள். அவரிடம் படத்தை முதலில் காட்டினால் அவரால் வேறென்ன சொல்ல முடியும்? வார்த்தையை நீங்கள் முதலில் கொடுங்கள். கவிதைத் தொகுப்பு என்றால் முழுக்கப் படியுங்கள். நாவல் என்றால் முன்னுரை, முதல் இரண்டு அத்தியாயம், நடுவில் ஒன்று, கடைசி ஒன்று. பிறகு ஐந்து வரி எழுதி அனுப்புங்கள்: இது எதைப் பற்றிய புத்தகம், யார் கையில் எடுப்பார்கள், படமா வெறும் எழுத்தா, என்ன நிறம், என்ன வேண்டவே வேண்டாம். அந்த ஐந்து வரிக்குச் சம்மதம் வந்த பிறகுதான் கணினியைத் திறக்க வேண்டும்.

ஒன்று சொல்கிறேன். தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றிய ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்தது. பதிப்பாளர் கடல், சூரிய அஸ்தமனம், உப்புக் குவியல் என்று கேட்டிருந்தார். படித்துப் பார்த்தேன். ஒரு கதையில் இரண்டு பெண்கள் ஒரே கூலிங் கிளாஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு உப்பு வாருவார்கள். வெயில் உப்பில் பட்டுத் தெறிப்பதில் கண் எரிந்து நீர் கொட்டும், அதற்காக. தொகுப்பின் உயிரே அங்கேதான் இருந்தது. பழுப்பேறிய வெள்ளைப் பரப்பு, கீழ்ப் பக்கம் கால் மடங்கிய ஒரு கருப்புக் கண்ணாடி, மேலே தலைப்பு. இதை ஐந்து வரியில் எழுதி அனுப்பினேன். "வெள்ளை அட்டை ஸ்டாலில் கை பட்டு அழுக்காகிவிடும் தோழர்" என்று பதில் வந்தது. நியாயமான பேச்சு. மேட் லேமினேஷனில் கைரேகையும் உரசல் கோடும் தெரியத்தான் செய்யும். பின்னணியில் உப்புப் படிகத்தின் சொரசொரப்பைப் புள்ளிகளாக ஏற்றி, லேமினேஷனையும் க்ளாஸுக்கு மாற்றினோம். திருத்தம் அந்த ஒன்றோடு முடிந்தது. அவர் "பளிச்" என்று சொல்லவே இல்லை, ஏனென்றால் பேசுவதற்கு இருவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி இருந்தது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இரண்டு மாதிரி, இரண்டு சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் ஒரு சுற்றுக்கு 500 ரூபாய். எழுத்தாளர் ஒரு பக்கம், பதிப்பாளர் ஒரு பக்கம் என்று தனித்தனியாகச் சொல்லாமல், கலந்து பேசி ஒருவரே சொல்லட்டும். எட்டுத் திருத்தத்தில் பாதி, இருவரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாததால் வருவது.

அட்டையில் நம் ஆட்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் படமே அல்ல, எழுத்து. ஓவியர் ஆதிமூலம் கையால் எழுதிய தலைப்புகளைத் தேடிப் பாருங்கள். ஒரு தமிழ் எழுத்து எவ்வளவு எடை தாங்கும் என்று புரியும். நமக்கு அந்தக் கை இல்லாவிட்டாலும், இன்று நல்ல எழுத்துருக்களுக்குப் பஞ்சமில்லை. கூகுள் எழுத்துருக்களில் மட்டுமே தாரிக் அஸீஸ் செய்த கவிவனர், பவானம், மற்றவர்கள் செய்த கேட்டமரான், அரிமா, முக்தா மலர், மீரா இனிமை, பலூ தம்பி 2 என்று ஒரு வரிசையே இருக்கிறது. எல்லாம் திறந்த உரிமத்தில் இருப்பவை, வணிக வேலைக்கு இலவசமாகப் பயன்படுத்தலாம். யாரோ பென் டிரைவில் கொடுத்த எழுத்துருவை வைத்துத் தொழில் நடத்தாதீர்கள்.

ஆங்கிலத் தலைப்புக்குச் செய்வதுபோல எழுத்திடைவெளியைக் கூட்டினால் தமிழில் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று "கோ" மூன்று துண்டாகி நிற்கும். இடைவெளி வேண்டுமென்றால் எழுத்தைக் கர்வாக, அதாவது வெறும் கோட்டுருவமாக மாற்றி, கொம்பும் காலும் அதனதன் எழுத்தோடு சேர்ந்திருக்கும்படி கையால் நகர்த்துங்கள். "மௌனம்" என்ற தலைப்பில் மெ, ள, ன, ம் என்று தட்டச்சு செய்திருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். எழுத்துருவை மாற்றிப் பாருங்கள், ஔகாரக் குறியும் ளகரமும் வேறு வேறு உருவத்தில் வந்து நிற்கும். இணையக் கடையில் தேடினால் அந்தப் புத்தகம் அகப்படாது. தலைப்பை நீங்களே யூனிகோடில் ஒரு முறை சரியாகத் தட்டச்சு செய்து, அதையே விளம்பரத்துக்கும் விற்பனைப் பட்டியலுக்கும் பயன்படுத்தச் சொல்லிக் கொடுங்கள். ஒற்றையும் பாருங்கள். "சிறுகதை தொகுப்பு" என்று அட்டையில் அடித்துவிட்டு உள்ளே முதல் பக்கத்தில் "சிறுகதைத் தொகுப்பு" என்று இருந்தால், கையில் எடுக்கும் வாசகர் முதலில் பார்ப்பது அதைத்தான். டிசைனர் மெய்ப்பும் பார்க்கிறார் என்று தெரிந்துவிட்டால் சின்னப் பதிப்பகங்கள் உங்களை விடவே மாட்டார்கள். அவர்களிடம் பெரும்பாலும் அதற்குத் தனி ஆள் இல்லை.

இப்போது அச்சகம். நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்கிறேன். 240 பக்க நாவல். 70 ஜிஎஸ்எம் எடையுள்ள மேப்லித்தோ தாள் என்றார்கள், அதற்கு முதுகின் தடிமனைக் கணக்குப் போட்டு ரேப்பரை அனுப்பிவிட்டேன். கடைசி நேரத்தில் பருமனான நேச்சுரல் ஷேட் தாளுக்கு மாற்றியிருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதுகு மூன்று மில்லிமீட்டர் தடித்துவிட்டது. முதுகின் கருஞ்சிவப்புப் பட்டை போதாமல் இரண்டு ஓரத்திலும் அட்டையின் மஞ்சள் எட்டிப் பார்த்தது. நாவலின் பெயர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முந்நூறு பிரதியும் பைண்டிங் ஆகி, கட்டுக் கட்டாகத் தரையில் அடுக்கி இருந்தது. எழுத்தாளருக்கு அது முதல் நாவல். ஒரு பிரதியை எடுத்து முதுகைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த ரேப்பருக்கு நான் பணம் வாங்கவில்லை. அதற்குப் பிறகு பக்க எண்ணிக்கையும் தாளும் உறுதியாகாமல் ஒரு ரேப்பரையும் முடித்துக் கொடுத்ததில்லை.

அச்சகத்தில் அதே தாளில் நூறு இலை கேட்டு வாங்கி, விரலால் அழுத்திப் பிடித்துத் தடிமனை அளந்து பாருங்கள். நூறு இலை என்றால் 200 பக்கம், மீதியை அதிலிருந்து கணக்கிடலாம். அதோடு அட்டையின் தடிமனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதுகுக்கும் முன்னட்டைக்கும் நிறம் வெட்டுக்கோடு போல மாறாமல் ஒன்றோடொன்று ஓடும்படி செய்தால், அரை மில்லிமீட்டர் தவறினாலும் கண்ணுக்குத் தெரியாது. ஓரம் வெட்டுவதற்காக நாலு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். ஃபைல் அச்சு நிறங்களான சிஎம்ஒய்கேயில், படம் 300 டிபிஐ தெளிவில், எழுத்தெல்லாம் கர்வ் ஆகி, பிடிஎஃப்பாகப் போகட்டும். திருத்தக்கூடிய திறந்த ஃபைலை அனுப்பினால் அச்சகக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாமல் தலைப்பு கட்டம் கட்டமாக விழும். ஐஎஸ்பிஎன் பார்கோடு வெள்ளைக் கட்டத்தில், தனிக் கறுப்பில் இருக்க வேண்டும். திரையில் பார்த்த கருநீலம் பிஓடி மெஷினில் ஒரு மாதிரி, ஆஃப்செட்டில் இன்னொரு மாதிரி வரும். அதனால் ஒரு ரேப்பராவது அடித்துக் கையில் வாங்கிப் பாருங்கள். சென்னையிலோ சிவகாசியிலோ அச்சாகிறது என்றால், ஒரு மாதிரிப் பிரதியைக் கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள். 100 ரூபாய் செலவு, 300 பிரதிக்குக் காப்பு.

இதையெல்லாம் உங்கள் வேலையாகவே எடுத்துக்கொண்டால் பதிப்பாளருக்கு ஒரு தலைவலி போகிறது. 3,500 ரூபாய் அதற்குத்தான்.

இனி பாக்கி. உங்களுக்குச் சங்கடமான பேச்சு இது என்று கடிதத்திலேயே தெரிகிறது. சிறு பதிப்பாளர்கள் நம்மோடு தோழர் என்றும் அண்ணன் என்றும் பழகுகிறவர்கள். "கண்காட்சி முடியட்டும்" என்பார்கள், பிறகு "நூலக ஆர்டர் பணம் வரட்டும்" என்பார்கள். பொய் சொல்வதில்லை, அவர்களுக்கும் பணம் அப்படித்தான் வருகிறது. ஆனால் அந்தக் காத்திருப்பை நீங்கள் வட்டியில்லாமல் சுமக்கிறீர்கள். ஒன்பது பாக்கியையும் பதிப்பகவாரியாகப் பிரித்து, புத்தகப் பெயர், முடித்த தேதி, தொகை எழுதி ஒரே கடிதமாக அனுப்புங்கள். "எப்போது தருவீர்கள்" என்று கேட்காதீர்கள். "இந்த மாதம் பாதி, அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் மீதி, முடியுமா?" என்று தேதியை நீங்களே எழுதுங்கள். பழைய பாக்கியில் பாதியாவது வராமல் அந்த இடத்துக்குப் புது ரேப்பர் தொடங்க வேண்டாம். புது வேலைக்கு, ஐந்து வரிக்குச் சம்மதம் சொல்லும்போது பாதிப் பணம், அச்சுக்கான பிடிஎஃப் கொடுக்கும்போது மீதி. அதற்கு முன்னால் திரையில் பார்ப்பதற்கான சின்னப் படம் மட்டும் போதும்.

குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். இணையத்தில் இலவசம். யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவு செய்த குறுந்தொழிலுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக்கூடாது. ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியாக. பதிவு செய்த பிறகு செய்யும் வேலைக்குத்தான் இதை நம்பலாம், பழைய ஒன்பதுக்கு எதிர்பார்க்க வேண்டாம். 2023இல் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு திருத்தம் வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் தரும் வருடம் வரை செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் பதிப்பாளரின் ஆடிட்டரே உங்கள் பில்லைப் பற்றி விசாரிப்பார். இதை மிரட்டலாகச் சொல்ல வேண்டியதில்லை. பில்லின் அடியில் உத்யம் எண்ணும் "45 நாளுக்குள் செலுத்தவும்" என்ற வரியும் இருந்தால் போதும்.

ஜிஎஸ்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வருட வரவு 20 லட்சத்துக்குக் கீழே என்றால் பதிவு தேவையில்லை. அவசரப்பட்டுப் பதியாதீர்கள். அச்சுப் புத்தகத்துக்கு வரி இல்லாததால், நீங்கள் போடும் 18 சதவீதத்தைப் பதிப்பாளரால் வரவு வைத்துக்கொள்ள முடியாது. அவருக்கு அது சுத்தச் செலவு.

டிசம்பர் நெரிசலையும் கொஞ்சம் கலையுங்கள். 1977 முதல் சென்னையில் நடக்கும், பபாசி என்ற பதிப்பாளர், விற்பனையாளர் சங்கத்தின் புத்தகக் கண்காட்சி ஜனவரிக்கு வந்து அமர்ந்ததிலிருந்து, தமிழ்ப் பதிப்புலகமே மார்கழியில்தான் கண் விழிக்கிறது. ஆனால் ஆகஸ்டில் ஈரோடு இருக்கிறது, மாவட்டந்தோறும் இப்போது புத்தகத் திருவிழா நடக்கிறது, உங்கள் மதுரையிலும். ஜூன், ஜூலையில் கையெழுத்துப் பிரதி தருபவர்களுக்கு விலையில் பத்து சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 10க்கு மேல் வரும் அட்டைக்கு 1,000 ரூபாய் கூடுதல் என்று ஆகஸ்டிலேயே எல்லோருக்கும் தெரிவித்துவிடுங்கள். 23 அட்டையை ஒரு மாதத்தில் செய்தால் 23 புத்தகத்தையும் படித்திருக்க முடியாது. அந்த எழுத்தாளர்கள் நாலைந்து வருடம் எழுதியிருப்பார்கள், அவர்களுக்கு அது நியாயம் இல்லை.

படங்களில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடிக் கிடைத்த புகைப்படத்தை "ரெஃபரன்ஸ்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், கடைசியில் அதுவே அட்டையாகிவிடும். எடுத்தவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். நம் ஊரில் நல்ல புகைப்படக்காரர்கள் இருக்கிறார்கள், 500, 1,000 ரூபாய்க்கும் ஒரு பிரதிக்கும் மகிழ்ச்சியாகத் தருவார்கள். செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படத்தை நான் பயன்படுத்துவதில்லை. அதில் வரும் தமிழ்ப் பெண்ணின் சேலைக்கட்டு எந்த ஊருடையதாகவும் இருப்பதில்லை. நீங்கள் பயன்படுத்துவதானால் பதிப்பாளரிடமும் எழுத்தாளரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு தெரியவந்தால் அவர்களுக்குத்தான் அவமானம்.

உரிமையை ஒரு மின்னஞ்சலில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்தும் வாங்குங்கள். இந்தத் தலைப்பின் தமிழ் அச்சுப் பதிப்புக்கும் மின்னூலுக்கும் அட்டையைப் பயன்படுத்தலாம், மொழிபெயர்ப்புக்கு வேண்டுமென்றால் தனியாகப் பேசலாம், திறந்த ஃபைல் உங்களிடமே இருக்கும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்ளும். ஆறாம் வருடம் மறுபதிப்பு வரும்போது இரண்டு பேருக்கும் குழப்பம் வேண்டாம், காலத்தையும் எழுதிவிடுங்கள்.

பின்குறிப்பில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள், பெயர் போடச் சொல்லலாமா என்று. தாராளமாகக் கேளுங்கள். உரிமையை விற்ற பிறகும் படைப்பு என்னுடையது என்று சொல்லும் உரிமை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவில் படைத்தவருக்கு இருக்கிறது. முன்னட்டையில் வேண்டாம், பின்னட்டை மூலையிலும் வேண்டாம். பதிப்பு விவரங்கள் உள்ள பக்கத்தில், நூலாசிரியர், விலை, அச்சகம் எல்லாம் வரும் இடத்தில், "அட்டை வடிவமைப்பு" என்று ஒரு வரி. லே-அவுட் செய்பவருக்கு உங்கள் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் நீங்களே தட்டச்சு செய்து அனுப்புங்கள். மெய்ப்பு வரும்போது அந்தப் பக்கத்தையும் கேட்டு வாங்கி, வரி இருக்கிறதா என்று பாருங்கள்.